எங்க படகுக்கு ஒரு தூக்குமரம்

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இது படகுப் பதிவு. சினிமா இல்லை, அரசியல் இல்லை. ஒரு கட்டையை எது மேல வைக்கிறதுன்னு நாலு பேர் மாசக்கணக்கா சண்டை போட்டுக்கிட்டு இருக்கிற கதை. கதைன்னு கூடச் சொல்ல முடியாது, என் தரப்பு வாதம். மத்த மூணு பேரும் வேணும்னா சொந்தமா வலைப்பூ ஆரம்பிச்சு அவங்கவங்க நியாயத்தை எழுதிக்கட்டும்.

புதுசா வர்றவங்களுக்கு முன்கதைச் சுருக்கம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பக்கம் பொட்டி தட்டுற நாலு தமிழர்கள் சேர்ந்து 2022-ல ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினோம். 1976-ல கோஸ்டா மெசாவில் கட்டின வெஸ்ட்செயில் 32. ஆளுக்குக் கால் பங்கு. என் பங்கு ஒரு பழைய கார் விலை. (தங்கமணிகிட்ட சொன்னது அதுலயும் பாதி. அவங்க இந்தப் பக்கத்தைப் படிக்கிறதில்லைங்கிற தைரியத்துல எழுதறேன்.) பெர்க்லி மரீனாவில் நிக்குது. பங்குதாரர்கள் யார்னா: மதுரைக்கார அண்ணன், எங்க எல்லாருக்கும் பாய் கட்டக் கத்துக்கொடுத்தவர், வயசுலயும் மூத்தவர். அடுத்து கணக்கர், எதுக்கெடுத்தாலும் எக்செல் ஷீட் திறக்கிறவர். மூணாவது டாக்டர், ஊசி போடற டாக்டர் இல்லை, பிஹெச்டி டாக்டர், எந்த விஷயத்துலயும் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லிட்டு காபி போடப் போயிடுவார். நாலாவது அடியேன்.

இப்ப சண்டைக்கு வருவோம். பாய்மரத்துல இருந்து பின்பக்கமா படுக்கையா ஒரு நீளக் கழி போகும், பெரிய பாயோட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்க. அதுக்குப் பேர் பூம். தூத்துக்குடித் தோணியில பாயை மேலே தாங்குற கழிக்குப் பருமல்னு சொல்வாங்க இல்லையா, இது அதுக்கு நேர்மாறு, பாய்க்குக் கீழே இருக்கிற கழி. ஒரு முனை பாய்மரத்துல கீல் போட்டு மாட்டியிருக்கும், இன்னொரு முனை நம்ம தலைக்கு மேலே. பாய் ஏறியிருக்கிற வரைக்கும் அந்தப் பாயே பூமைத் தூக்கிப் பிடிச்சுக்கும். பாயை இறக்கினா? அங்கதான் சிக்கல். கட்டையை யாராவது தாங்கணும்.

அதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, பாய்மர உச்சியில இருந்து ஒரு கயிறு வந்து பூம் நுனியைப் பிடிச்சுக்கிறது, டாப்பிங் லிஃப்ட். ரெண்டு, பாய்மர அடியில இருந்து சாய்வா ஒரு ஸ்பிரிங் தண்டு பூமை முட்டுக் கொடுக்கிறது, ரிஜிட் வாங். மூணு, டெக்கில ரெண்டு தூணை நட்டு குறுக்கே ஒரு பலகை போட்டு, பலகையில மூணு பள்ளம் வெட்டி, பள்ளத்துல தோல் ஒட்டி, பூமை அதுல படுக்க வைக்கிறது. இதுதான் பூம் கேலோஸ். கேலோஸ்னா தூக்குமரம். பேர் கேட்டாலே தங்கமணி "அபசகுனம்"னுட்டாங்க.

எங்க படகுல மூணாவது வேணும்ங்கிறது நான். "2025-ல யாராவது தூக்குமரம் நடுவானா"ங்கிறது கணக்கர். அண்ணன் என்ன சொல்றார்ங்கிறதுதான் எனக்குப் பெரிய வலி. அதைப் பின்னாடி சொல்றேன்.

2024 ஆகஸ்ட். ஹாஃப் மூன் பே போயிட்டு வடக்கே திரும்பிக்கிட்டு இருந்தோம். அண்ணன், நான், டாக்டர். கலிபோர்னியாக் கரை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கோடையில காத்து வடமேற்குல இருந்து. அதாவது வீட்டுக்குத் திரும்பும்போது மூஞ்சிக்கு நேரா. பசிஃபிகாவுக்கு வெளியே வரும்போது காத்து செத்துப் போச்சு, ஆனா அலை அடங்கலை. பழைய அலை, நீளமா, படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கிட்டே இருந்தது. பாய் சும்மா டப் டப்னு அடிச்சுக்குது. சரி, இறக்கிட்டு இன்ஜின்ல போவோம்னு முடிவு.

நான் பாய்மரத்துக்கிட்ட நின்னு ஹால்யார்டை விட்டேன். பாய் சரசரன்னு இறங்கிச்சு. அண்ணன் காக்பிட் பெஞ்சுல முட்டி போட்டு, பாயை மடிச்சு மடிச்சு பூமோட சேர்த்துக் கட்டிக்கிட்டு இருந்தார். ஒரு நாடா கீழே விழுந்திருச்சு. குனிஞ்சு எடுத்தார். அந்த நேரம் பார்த்து டாப்பிங் லிஃப்ட் அறுந்தது.

சத்தமே பெருசா வரலை. அதுதான் இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம். மேலே ஒரு சின்ன "டப்", உடனே கீழே ஒரு மொத்தலான சத்தம், அப்புறம் அண்ணன் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா"ன்னு சொல்றார். ஒண்ணுமில்லன்னு சொல்ற மனுஷனோட இடது கை தொங்குது. காலர்போன் முறிஞ்சிருந்தது. எதிர்நீரோட்டத்துல கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு சான் பிரான்சிஸ்கோ கரையைத் தொட மூணு மணி நேரம் ஆச்சு. அந்த மூணு மணி நேரமும் டாக்டர் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார், நான் அண்ணன் பக்கத்துல. அவர் என்கிட்ட இளையராஜா பத்திப் பேசிக்கிட்டே வந்தார், நான் பயப்படக் கூடாதுன்னு.

கரைக்கு வந்த அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தோள்ல விழுந்துச்சு சரி. தலையில விழுந்திருந்தா?" என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க. கயிறை விட்டது நான்தானே.

அப்புறம் பாய்மரத்து மேலே ஏறிப் பார்த்தோம். படகு வாங்கும்போதே கூட வந்த கயிறு அது. வெளி உறை நல்லாத்தான் இருந்தது. உச்சியில கப்பி மேல வளையற இடத்துல உள்நரம்பு நைஞ்சு போயிருக்கு. கீழே நின்னு பைனாகுலர் வச்சுப் பார்த்தாலும் தெரியாது.

உடனே அண்ணன் தீர்ப்பு சொல்லிட்டார். "என் தப்புடா. கயிறை நான் பார்த்திருக்கணும். ரெண்டு வருஷமா மேலே ஏறலை." கணக்கர் இதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். மனுஷத் தப்பு, கயிறை மாத்தியாச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை மேலே ஏறிப் பார்க்கிறதுன்னு பட்டியல்ல போட்டாச்சு, டிக்கெட் க்ளோஸ்ட்.

இங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா மறுநாள் என்ன பண்றோம்? யார் என்டரைத் தட்டினான்னா கேக்கறோம்? ஒருத்தன் தப்பாத் தட்டினா மொத்தமும் படுக்கிற மாதிரி ஏன் கட்டி வச்சோம்னு கேக்கறோம். இதே கணக்கர் அந்த மீட்டிங்குகள்ல மணிக்கணக்கா இதைப் பத்தி வகுப்பு எடுப்பார். சர்வருக்கு ஒரு நியாயம், அண்ணன் தோளுக்கு ஒரு நியாயமா? ஒரு மனுஷன் தலைக்கு மேலே 40 கிலோ தொங்குது, அதைப் பிடிச்சிருக்கிறது ஒரே ஒரு கயிறு, அந்தக் கயிறோட நைஞ்சு போற இடம் கண்ணுக்கே தெரியாத உயரத்துல. இதுல அண்ணன் தப்பு எங்க வந்தது?

40 கிலோங்கிறது சும்மா அடிச்சு விட்டதில்லை. பூமைக் கழட்டி, பாயோட, கப்பியோட, குளியலறைத் தராசுல ரெண்டு முனையையும் தனித்தனியா வச்சு நிறுத்தேன். (தராசு இப்ப 2 கிலோ கூடுதலாக் காட்டுது. வீட்டுல அதுக்குத் தனி விசாரணை ஓடிக்கிட்டு இருக்கு.) பின் நுனி மட்டும் 22 கிலோ. அண்ணன் குனிஞ்சிருந்தப்போ நுனி 60 செ.மீ. விழுந்திருக்கும். ஒரு முனை கீல்ல இருக்கிறதால கழியோட நடுப்பகுதி விழுந்தது 30 செ.மீ. பிளஸ் டூ பிசிக்ஸ்தான்: 40 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.3, ஏறக்குறைய 118 ஜூல். இது எவ்வளவுன்னு புரியணும்னா, 10 கிலோ அரிசி மூட்டையை 1.2 மீட்டர் உயரத்துல இருந்து உங்க பிடரியில போட்டுப் பாருங்க. மூட்டையாவது மெத்துனு இருக்கும்.

இப்ப கணக்கரோட மாற்று யோசனை, ரிஜிட் வாங். "ஸ்பிரிங் தண்டு மாட்டிட்டா கயிறே வேண்டாம், பாய் வடிவத்துக்கும் நல்லது, மாடர்ன்." பாய் வடிவத்துக்கு நல்லதுங்கிறது உண்மை, மறுக்கலை. ஆனா நெம்புகோல் கணக்கைப் போட்டுப் பாருங்க. தண்டு பூமைத் தொடற இடம் கீல்ல இருந்து 1.3 மீட்டர். தாங்க வேண்டிய 22 கிலோ இருக்கிறது 4.8 மீட்டர்ல. அப்ப தண்டு மேல்நோக்கிக் கொடுக்க வேண்டியது 81 கிலோ. தண்டு 45 டிகிரி சாய்ஞ்சிருக்கிறதால அதுக்குள்ள ஓடற அழுத்தம் 115 கிலோ. இது படகு சும்மா கட்டிக் கிடக்கும்போது. அலையில நுனி துள்ளும்போது எவ்வளவுன்னு அவரே எக்செல்ல போட்டுக்கட்டும். அந்த மொத்த பாரமும் ரெண்டு சின்னப் பின் மேல, மூணு நாலு ரிவெட் மேல. இந்தக் கயிறுக்குப் பதிலா அந்தப் பின். ஒரே இடத்துல அறுந்தா விழும்ங்கிற நிலைமை மாறவே இல்லை, இடம்தான் மாறியிருக்கு.

இன்னொண்ணு. தண்டும் சரி, கயிறும் சரி, பூமை மேலேதான் பிடிக்கும். பக்கவாட்டுல பிடிக்கவே பிடிக்காது. படகு உருளும்போது பூம் இடமும் வலமும் ஆடும். மெயின்ஷீட் கயிறை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு சாண் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். ராத்திரி நங்கூரம் போட்டுப் படுத்திருக்கும்போது அந்த "கடக்.. கடக்.." சத்தம் கேட்டவங்களுக்குத் தெரியும், கொசுவே தேவலைன்னு தோணும். சத்தத்தை விடுங்க. அந்த ஆட்டத்துல இருக்கிற கட்டை மேல சாய்ஞ்சுக்கிட்டுத்தான் ரெண்டு கையாலயும் பாயை மடிச்சுக் கட்டணும். நமக்குப் பிடிமானமா இருக்க வேண்டியதே ஆடிக்கிட்டு இருக்கு. கேலோஸ் இருந்தா பள்ளத்துல இறக்கி மெயின்ஷீட்டை இறுக்கினா முடிஞ்சது. கீழே போகாது, இடம் வலம் போகாது, ஷீட் இழுக்கிறதால மேலயும் எழும்பாது. திண்ணை மாதிரி நிக்கும். அது மேல முழு பாரத்தையும் போட்டுச் சாயலாம்.

பாயைச் சுருக்கிக் கட்டும்போது, அதான் ரீஃப் போடும்போது, இதோட அருமை தெரியும். கோடை மதியம் இந்த வளைகுடாவுல கோல்டன் கேட்டுக்கும் பெர்க்லிக்கும் நடுவுல காத்து 20, 25 நாட்டுக்குப் போறது சர்வ சாதாரணம். ரீஃப் போட்டே ஆகணும். ஹால்யார்டைக் கொஞ்சம் விட்டா பூம் நுனி இறங்கி எந்தப் பள்ளத்துக்கு நேரா இருக்கோ அதுல உக்காரும். (நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அதுக்குத்தான் மூணு பள்ளம்.) நிக்கிற கட்டையில நிதானமா ரீஃப் கட்டிட்டு மறுபடி பாயை ஏத்தினா பூம் தானா எழும்பிடும். ஆடற கட்டையோட கட்டிப்புடிச்சு மல்லுக்கட்ட வேண்டாம். எங்க பக்கத்துப் படகு வெள்ளைக்காரத் தாத்தா, எழுபது வயசு தாண்டினவர், தனியாளா இதைப் பண்றதை நானே பார்த்திருக்கேன். அவர் படகு ஒரு பிரிஸ்டல் சேனல் கட்டர். லைல் ஹெஸ் வரைஞ்ச டிசைன். அதே லைல் ஹெஸ் வரைஞ்சதுதான் லின், லாரி பார்டே தம்பதியோட தலேசின். இன்ஜினே இல்லாம கடல் சுத்தினவங்க. அவங்க படகுலயும் கேலோஸ் இருந்தது. அப்படிப்பட்டவங்க எல்லாம் அலங்காரத்துக்கா அதை வச்சிருப்பாங்க?

அலங்காரம்னதும் ஞாபகம் வருது. என் கட்சி ஆளுங்களையும் கொஞ்சம் திட்டிக்கிறேன். சில பேர் பித்தளை வார்ப்பு, பத்து கோட் வார்னிஷ், நடுவுல படகு பேரைச் செதுக்கின தேக்குப் பலகைன்னு போட்டு வச்சுட்டு, பூமை டாப்பிங் லிஃப்ட்லயே தொங்க விட்டிருப்பாங்க. வார்னிஷ் கீறிடுமாம். இவங்களாலதான் கணக்கர் மாதிரி ஆளுங்க "இது பழைய பட மோகம்"னு சொல்ல வாய்ப்பு கிடைக்குது. தோல் ஒட்டின பள்ளத்துல தோல் தேயலைன்னா அது கேலோஸ் இல்லை, கொலு.

சரி, எதிர்க்கட்சி வாதங்கள். காத்துத் தடை. "பின்னாடி பெரிய சட்டம் நட்டா காத்துல இழுக்கும், வேகம் குறையும்." கணக்கர் பாணியிலயே பதில் சொல்றேன். பலகை 2.2 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். ரெண்டு தூண், ஒவ்வொண்ணும் 1.2 மீட்டர், 32 மி.மீ. பைப். மொத்தம் காத்துக்குக் காட்டுற பரப்பு 0.3 சதுர மீட்டர். 25 நாட் காத்துல அதுமேல விழற விசை ஏறக்குறைய 4 கிலோ எடை. படகு எடை 9 டன். கேபின் மேல டிங்கியைக் கவுத்துப் போட்டிருக்கோமே, கணக்கரோட ஐடியா அது, அதுக்கு எவ்வளவு காத்துத் தடைன்னு எப்பவாச்சும் செல் திறந்து பார்த்தாரா? அப்புறம் எடை. முழுசா 25 கிலோ வரும். ரெண்டு நாளுக்கு வேணும்னு அவர் ஏத்திக்கிட்டு வர்ற மினரல் வாட்டர் அதைவிட அதிகம். வெஸ்ட்செயில்ல வந்துக்கிட்டு வேகத்தைப் பத்திப் பேசறவரைப் பார்த்தா, மாட்டு வண்டிக்கு ஸ்பாய்லர் மாட்டலாமான்னு கேக்கிற மாதிரி இருக்கு.

"புதுப் படகு எதுலயும் இல்லையே." உண்மைதான். ஏன் இல்லை? புதுப் படகுகள்ல பூம் குட்டை, தலைக்கு ரொம்ப மேலே. மெயின்ஷீட் பூம் நடுவுல. பாய் தானா வந்து விழற பை. பின்னாடி சோலார் பேனலுக்கு ஒரு ஆர்ச். அந்த மாதிரி படகு வாங்கியிருந்தா நானே கேலோஸ் வேண்டாம்னுதான் சொல்லுவேன், வைக்க இடமே இருக்காது. ஆனா நாம வாங்கினது 1976 படகு. பூம் நீளம், தாழ்வு, நுனி காக்பிட்டைத் தாண்டி நிக்குது. வியாதிக்கு மருந்தா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வியாதி இல்லைங்கிறதுக்காக மருந்தை நிறுத்தறதா?

நம்ம படகோட வம்சத்தையும் கொஞ்சம் பாருங்க. நார்வேயில மீனவர்களைக் காப்பாத்தப் போன மீட்புப் படகுகளை வரைஞ்சவர் காலின் ஆர்ச்சர். அதைப் பார்த்து வில்லியம் அட்கின் வரைஞ்சது எரிக். எரிக்ல இருந்து வந்த கிளைதான் வெஸ்ட்செயில் 32. இன்னொரு கிளை நம்ம பம்பாயில தேக்குல கட்டின சுஹாய்லி, 1968-69-ல ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் நிக்காம தனியா உலகத்தைச் சுத்தி வந்த படகு. ஆக சுஹாய்லி எங்க படகுக்குப் பெரியப்பா முறை. (இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அப்பாகிட்ட படகு வாங்க அனுமதி வாங்கினேன். இந்தியாவுல செஞ்ச பொருள்னா அவருக்கு ஒரு இது.) இந்த வம்சத்துப் படகு உடையாது. 1991-ல அமெரிக்கக் கிழக்குக் கரையில அடிச்ச அந்தப் பெரும்புயல்ல சடோரின்னு ஒரு வெஸ்ட்செயில் 32 மாட்டிக்கிச்சு. ஆளுங்களைக் கடலோரக் காவல்படை தூக்கிட்டுப் போயிருச்சு. படகு? தானா மிதந்து போயி சில நாள் கழிச்சு ஒரு கடற்கரையில பெருசா சேதமில்லாம ஒதுங்கிக் கிடந்தது. இதைச் சொல்லிச் சொல்லி கணக்கர் பெருமைப்படுவார். நான் இதை வேற மாதிரிப் படிக்கிறேன். இந்தப் படகு எல்லாத்தையும் தாங்கும், உள்ள இருக்கிற ஆள்தான் தாங்க மாட்டான். அப்ப செலவு பண்ண வேண்டியது எதுக்கு?

நேர்மையா ஒண்ணு சொல்லணும். கேலோஸ் எல்லாத்துக்கும் மருந்து இல்லை. காத்து பின்னாடி இருந்து அடிக்க, பூமை வெளியே விரிச்சு ஓடும்போது, அது கேலோஸ் பக்கமே இருக்காது. அப்ப பூம் தப்பா ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் வீசினா கேலோஸால ஒண்ணும் பண்ண முடியாது. 2016 ஜூன்ல நியூசிலாந்துக்கு வடக்கே பிளாட்டினோங்கிற படகுல பூம் கட்டுப்பாடில்லாம வீசி ரெண்டு பேர் செத்துப் போனாங்க. அது எங்க படகைவிட எத்தனையோ மடங்கு பெருசு, வசதி. அந்த ஆபத்துக்குப் பூம் நுனியில இருந்து முன்பக்கம் இழுத்துக் கட்டற பிரிவென்டர் கயிறு வேணும், அது தனி. "கேலோஸ் போட்டாச்சு, இனிமே பூம் பயமே இல்லை"ன்னு யாராவது சொன்னா அவனோட படகுல ஏறாதீங்க. நான் சொல்றது ஒரே ஒரு நேரத்தைப் பத்தி. பாயை இறக்கற நேரம், சுருக்கற நேரம், இறக்கி வச்ச பிறகு உள்ள நேரம். பூம் நடுவுல இருக்கும், கீழே ஆள் இருப்பான், ரெண்டு கையும் வேலையா இருக்கும். அண்ணன் குனிஞ்சது அந்த நேரத்துலதான். கேலோஸ் இருந்திருந்தா பூம் ஒண்ணு பள்ளத்துல படுத்திருக்கும், இல்லை அஞ்சோ பத்தோ செ.மீ. விழுந்து பலகையில நின்னிருக்கும்.

கணக்கர் சொன்னதுல எனக்கு நிஜமாவே பயம் தந்தது ஒண்ணுதான், துளை. தூண் நட டெக்கில துளை போடணும். இந்தப் படகு டெக், ஃபைபர் கிளாஸுக்கு நடுவுல பிளைவுட். துளை வழியா தண்ணி இறங்கினா பிளைவுட் உள்ளுக்குள்ளயே பஞ்சாப் போயிரும், வெளியே தெரியறப்போ வைத்தியம் பண்ண பல ஆயிரம் டாலர். இதுக்கு அவர் பயப்படறது நியாயம். ஆனா வழி இல்லாம இல்லை. போல்ட்டைவிடப் பெருசா துளை போட்டு, ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, கெட்டியாக் குழைச்ச எபாக்ஸியால அடைச்சு, காய்ஞ்சதும் அந்த எபாக்ஸிக்கு நடுவுல போல்ட் துளை. தண்ணி வந்தாலும் மரத்தைத் தொடாது. கீழே பெரிய தகடு, மேலே பியூட்டைல் டேப். ரெண்டு வார இறுதி வேலை. முன்னாடி வச்சிருந்தவர் இதே படகுல கேலோஸைக் கழட்டின அடையாளம் டெக்கில இன்னும் இருக்கு, அடைச்ச துளை வட்ட வட்டமா. அதைத் தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு.

உயரம்தான் சரியா எடுக்கணும். பாய் முழுசா ஏறி, ஷீட்டை இறுக்கி, பூம் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்திருக்கும்போது பலகைக்கு மேலே ஒரு கை இடைவெளி இருக்கணும். அதிகமானா பூமை இறக்க முடியாது, குறைஞ்சா ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் இடிக்கும். ரீஃப் போட்ட பிறகு பூம் நுனி வேற உயரத்துல நிக்கும், அதையும் அளக்கணும். போன மாசம் தனியாப் போயி பிவிசி பைப்பும் அட்டையும் வச்சு மாதிரி கட்டிப் பார்த்தேன். மரீனாவுல போறவங்க வர்றவங்க எல்லாம் என்ன தம்பி கோல் போஸ்ட்டான்னு கேக்காத குறை.

செலவு, பைப் வளைச்சு வெல்ட் பண்றதையும் சேர்த்து, எங்களுக்கு வந்த விலை 1,400 டாலர். ஆளுக்கு 350. அண்ணனுக்கு ஒடைஞ்ச எலும்பைப் பத்தி ஆஸ்பத்திரி அனுப்பின முதல் காகிதத்துலயே இதைவிடப் பெரிய எண் இருந்தது.

இப்ப அண்ணன் விஷயம். ஆறு வாரம் கைக்கட்டு. கட்டு பிரிச்சு வருஷம் ஆகப் போகுது, இடது கை இன்னும் முழுசா மேலே போகலை. ஹால்யார்டை வலது கையாலதான் இழுக்கறார். ஆனா கேலோஸ் பேச்சு எடுத்தா முகத்தைத் திருப்பிக்கிறார். ரொம்ப நாள் எனக்குப் புரியலை. அடிபட்டவருக்கே வேண்டாம்னா நான் யாருன்னு கூட நினைச்சேன். போன வாரம் மரீனாவுல ரெண்டு பேரும் காபி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது கேட்டே விட்டேன். "ஏண்ணே, உங்களுக்காகத்தானே சொல்றேன்?"

"அதான்டா வேண்டாங்கறேன். எனக்காக ஒரு சட்டம் நட்டா, வர்றவன் போறவன் எல்லாம் இது எதுக்குன்னு கேப்பான். நீங்களும் சொல்லுவீங்க. முப்பது வருஷமா பாய் கட்டறேன், கயிறைப் பார்க்காம விட்டவன்னு அது நின்னுக்கிட்டே இருக்கும்."

எனக்குக் கொஞ்ச நேரம் வார்த்தையே வரலை. அப்புறம் சொன்னேன். "அண்ணே, ஹால்யார்டை விட்டது நான். கீழே நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சும் டாப்பிங் லிஃப்ட்டை ஒரு இழு இழுத்துப் பார்க்காம விட்டேன். அடுத்த வாரம் என் மச்சினன் குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றான். அதுங்க உக்காரப் போறது அதே பெஞ்சு. நான் மறுபடி ஹால்யார்டை விடணும். என்னால முடியலைண்ணே. இது உங்களுக்கு இல்லை, எனக்கு."

அவர் ஒண்ணும் சொல்லலை. காபி டம்ளரைக் கழுவி வச்சுட்டுக் கிளம்பிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டெடுப்பு. கணக்கர் எதிர்ப்பு, ஷீட்டோட வருவார். டாக்டர் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லி காபி போடப் போவார், அவரை அடுப்புகிட்ட போக விடாம மறிச்சு வைக்கணும். பலகை வாங்கியாச்சு, வீட்டுல கட்டிலுக்கு அடியில இருக்கு. (தங்கமணிக்கு இஸ்திரிப் பலகைன்னு சொல்லியிருக்கேன்.) போன ஞாயிறே டெக்கில பழைய துளைகளுக்குப் பக்கத்துல பென்சிலால வட்டம் போட்டு வச்சேன், நாலு நாலா ரெண்டு இடத்துல. நேத்து போயிப் பார்த்தேன். நடுவுல அண்ணன் வந்து டெக்கைக் கழுவியிருக்கார், ஒரு தூசி இல்லை. பென்சில் வட்டம் எட்டும் அப்படியே இருக்கு.